வளாகத்தை வழிநடத்துபவர் யார்?

பல்கலைக்கழகம் என்றவுடன் பெரும்பாலான பெற்றோர்களின் மனத்தில் தோன்றுவது பட்டமளிப்பு விழாப் படம்தான். அங்கி, தொப்பி, கையில் பட்டச் சுருள், இரு பக்கமும் அம்மாவும் அப்பாவும். அந்தப் படம் வீட்டு வரவேற்பறையில் மாட்டப்படுவதற்கு முன், பிள்ளை மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே எப்படி வாழ்ந்தார், யாரோடு பழகினார், எதைத் துணிந்து பேசக் கற்றுக்கொண்டார் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தப் பல்கலைக்கழகத்தை யார் வழிநடத்துகிறார்கள், எப்படி வழிநடத்துகிறார்கள் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

உயர்கல்வி பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்குகளிலும் இதே நிலைதான். இடம் கிடைத்ததா, கேட்ட துறை கிடைத்ததா என்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. அது நியாயமான கவலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், இடம் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பல இனத்தவரும் பல வகைக் குடும்பத்தவரும் ஒரே கூரையின் கீழ் கூடும் நகர்ப்புறப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தலைமைத்துவம் என்பது யாருடைய பொறுப்பு? வேந்தருடையதா, துணைவேந்தருடையதா, மாணவர்களுடையதா?

இந்தக் கேள்வியை ஆராய மலேசியர்களுக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு மலாயாப் பல்கலைக்கழகம். நாட்டின் மூத்த பல்கலைக்கழகமான அதன் வரலாற்றில் இந்தக் கேள்விக்கான எல்லா விடைகளும், எல்லாத் தவறுகளும் உள்ளன எனலாம்.

இரண்டு நகரங்களில் பிறந்த பல்கலைக்கழகம்

சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளி பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதுவும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1959ல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரண்டு தனிப் பிரிவுகள் அமைந்தன. 1962 ஜனவரி 1 முதல் கோலாலம்பூர்ப் பிரிவு மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தனி நிறுவனமாயிற்று. சிங்கப்பூர்ப் பிரிவு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. முதல் வேந்தராகத் துங்கு அப்துல் ரஹ்மான் பொறுப்பேற்றார். கணிதப் பேராசிரியர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம் முதல் துணைவேந்தராக இருந்தார்.

வளாகம் அமைந்த இடமே இதன் இயல்பைத் தீர்மானித்தது. கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் நடுவே, லெம்பா பந்தாயில், 900 ஏக்கருக்கும் அதிகமான நிலம். ஒரு பக்கம் பல்கலைக்கழக மருத்துவமனை; இன்னொரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள்; சுற்றிலும் நெடுஞ்சாலைகள். நகரம் வளர வளர, வளாகம் நகரத்துக்குள் வந்துவிட்டது. கிராமத்திலிருந்து வந்த மலாய் மாணவர், சிற்றூர்க் கடைவீட்டில் வளர்ந்த சீன மாணவர், தோட்டப்புறத்திலிருந்து வந்த இந்திய மாணவர், கடல் கடந்து வந்த சபா, சரவாக் மாணவர் என எல்லோருக்கும் பெருநகர வாழ்க்கையின் முதல் வாசலாக அமைந்தது இந்த வளாகம்தான்.

தமிழர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தோடு தனி உறவு உண்டு. இந்திய ஆய்வியல் துறை 1956ல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டு 1959ல் கோலாலம்பூருக்கு வந்தது. அந்தத் துறையில் எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற விவாதம் எழுந்தபோது தமிழுக்காக வலுவாகக் குரல்கொடுத்தவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் அவர் நிதி திரட்டினார். தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அந்தப் பணம் நூலகத்தில் தமிழ் நூல்களாயிற்று. 1961ல் துறைக்கு வந்த தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில், இப்பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு நடந்தேறியது.

இந்த வரலாறு பெருமைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. பல்கலைக்கழகத்தின் போக்கை அதன் அலுவலகங்கள் மட்டும் முடிவு செய்ததில்லை. வெளியே நின்ற சமுதாயமும் முடிவு செய்திருக்கிறது என்பதற்கு இது சான்று. பட்டமே வாங்காத தொழிலாளி ஒருவர் கொடுத்த காசும் அந்தத் துறையின் திசையை நிர்ணயித்தது.

துணைவேந்தர் நாற்காலி

பொதுப் பல்கலைக்கழகத்தின் தலைமை அடுக்கு பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. வேந்தர் பதவி மரியாதைக்குரியது. பெரும்பாலும் அரச குடும்பத்தினர் வகிப்பது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1986 முதல் 2014 வரை சுல்தான் அஸ்லான் ஷா வேந்தராக இருந்தார். அவருக்குப் பின் சுல்தான் நஸ்ரின் ஷா அப்பொறுப்பை ஏற்றார். பட்டத்தை வழங்குபவர் வேந்தர். அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். அவரை நியமிப்பவர் உயர்கல்வி அமைச்சர். இயக்குநர் வாரியம் நிதியையும் கொள்கையையும் கவனிக்கிறது. செனட் சபை பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றை முடிவு செய்கிறது. மாணவர் விவகாரத்திற்கெனத் தனியாக ஒரு துணைத் துணைவேந்தர் இருப்பார். விடுதி, கழகங்கள், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர் பார்வையில் வரும். ஒரு மாணவர் தன் கல்விக் காலம் முழுவதும் துணைவேந்தரை நேரில் சந்திக்காமல் போகலாம். ஆனால், மாணவர் விவகாரப் பிரிவின் வாசலை மிதிக்காமல் போவது கடினம்.

இந்த நாற்காலியில் அதிக காலம் அமர்ந்தவர் அரசப் பேராசிரியர் உங்கு அஸிஸ். 1968 முதல் 1988 வரை 20 ஆண்டுகள். பொருளாதார அறிஞரான அவர் கிராமப்புற வறுமையை அளக்கக் கையாண்ட ‘சாரோங் குறியீடு’ புகழ்பெற்றது. ஒரு வீட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை சாரோங் என்று எண்ணினால் அந்தக் குடும்பத்தின் நிலை தெரியும் என்பது அவர் கருத்து. எளிய அளவுகோல்தான், ஆனால், அலுவலகத்தில் உட்கார்ந்து கொண்டு கண்டுபிடிக்கக் கூடியதன்று. அவர் காலத்தில் ரிம்பா இல்மு தாவரத் தோட்டம், ஆசியக் கலை அரும்பொருளகம் போன்றவை வளாகத்தில் தோன்றின. அதே காலத்தில்தான் மாணவர் இயக்கத்தின் மீது கடுமையான கட்டுப்பாடுகளும் வந்தன. நீண்ட காலத் தலைமையின் இரு முகங்களும் அந்த 20 ஆண்டுகளில் தெரிகின்றன.

2006ல் ரஃபியா சாலிம் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். நாட்டின் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் துணைவேந்தரான முதல் பெண்மணி அவர். அவர் வந்த நேரம் எளிதானதாக இல்லை. அதற்குக் காரணம் ஒரு பட்டியல்.

2004ல் வெளிவந்த உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆவது இடத்தைப் பிடித்தது. வளாகத்தில் பதாகைகள் கட்டிக் கொண்டாடப்பட்டது. அடுத்த ஆண்டே 169ஆவது இடத்துக்கு இறங்கியது. நாடாளுமன்றம் வரை விவாதம் போயிற்று. ஓராண்டில் 80 இடங்கள் இறங்கும் அளவுக்கு அங்கே என்ன கெட்டுப்போனது? விடை வேடிக்கையானது, வேதனையானதும்கூட. மலேசியச் சீனர்களும் இந்தியர்களும் முதலாண்டுக் கணக்கில் வெளிநாட்டவர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் தரவரிசை உயர்ந்திருந்தது. பிழை திருத்தப்பட்டதும் இறங்கிவிட்டது.

இதில் சிந்திக்க வேண்டிய செய்தி உண்டு. இந்நாட்டிலேயே பிறந்து, இந்நாட்டுப் பள்ளியில் படித்து வந்த மாணவர் ஒரு படிவத்தில் வெளிநாட்டவராகிவிட்டார். பட்டியல் தயாரித்தவர்களின் தவறுதான். எனினும், பன்முகத் தன்மையை வெறும் எண்ணாக மட்டும் பார்க்கும் எந்தத் தலைமைக்கும் நேரக் கூடிய தவறு அது. 2025ஆம் ஆண்டுக்கான க்யூஎஸ் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 60ஆவது இடத்தில் இருந்தது. பாராட்ட வேண்டிய முன்னேற்றம். ஆனால், முதலாண்டு மாணவர் ஒருவர் தங்கும் விடுதியில் நிம்மதியாக உறங்குகிறாரா, பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அவர் கையில் பணம் இருக்கிறதா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

மாணவர் குரலின் கதை

தலைமைத்துவம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. சிங்கப்பூரில் இப்பல்கலைக்கழகம் இயங்கிய காலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 1953ல் மாணவர்கள் சோஷலிஸ்டு கழகம் ஒன்றை அமைத்து ‘ஃபஜார்’ என்ற இதழை நடத்தினார்கள். 1954ல் அதில் வந்த தலையங்கத்துக்காக எட்டு மாணவர்கள் மீது தேச நிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டது. பிரிட்டனிலிருந்து வழக்கறிஞர் டி.என்.பிரிட் வந்து வாதாடினார். அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. மாணவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அந்த எட்டுப் பேரில் ஜேம்ஸ் புதுச்சேரியும் எம்.கே.ராஜகுமாரும் அடங்குவர். முன்னவர் மலாயாவின் பொருளாதார உடைமை பற்றி ஆராய்ந்து நூல் எழுதினார். பின்னவர் கோலாலம்பூரில் மக்கள் மருத்துவராகவும் தொழிலாளர் கட்சித் தலைவராகவும் விளங்கினார். இந்திய இளைஞர்கள் அன்று தங்கள் இனத்துக்காக மட்டுமன்றி நாட்டுக்காகவும் பேசினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கோலாலம்பூர் வளாகத்தில் 1960களில் ‘பேச்சாளர் முனை’ பெயர் பெற்றிருந்தது. மாணவர்கள் அங்கே கூடி எதைப் பற்றியும் பேசலாம். 1967ல் தெலுக் கோங் நில விவகாரத்தில் விவசாயிகளுக்காக மாணவர்கள் குரல்கொடுத்தார்கள். 1974ல் ஜொகூர் பாரு தாசேக் உத்தாராவில் குடியிருப்புகள் உடைக்கப்பட்டபோது அந்த ஏழைகளின் பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு இறுதியில் ரப்பர் விலை வீழ்ந்து கெடா மாநிலம் பாலிங் பகுதியில் சிறு தோட்டக்காரர்கள் வறுமையில் வாடியபோது, டிசம்பர் 3ஆம் நாள் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். ஆயிரத்திற்கும் அதிகமானோர் கைது செய்யப்பட்டனர். முன்னாள் மாணவர் தலைவரும் அன்று அபிம் இயக்கத் தலைவராக இருந்தவருமான அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்துவைக்கப்பட்டார். விரிவுரையாளர் சைட் ஹுசின் அலி ஆறாண்டுகள் காவலில் இருந்தார்.

ரப்பர் விலை வீழ்ச்சி என்பது தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரியாத செய்தியன்று. பால் விலை இறங்கினால் அடுப்பில் என்ன வேகும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். மலாய் விவசாயியின் பசிக்காக நகரத்து மாணவர் தெருவில் இறங்கினார் என்பதுதான் அந்த நாளின் சிறப்பு.

விளைவு கடுமையாக இருந்தது. ‘ஆக்கு’ என்ற மலாய்ச் சுருக்கப் பெயரால் அறியப்படும் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971லேயே இயற்றப்பட்டிருந்தது. 1975ல் அது மேலும் இறுக்கப்பட்டது. மாணவர் அரசியல் கட்சியில் சேரக் கூடாது. ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கக் கூடாது. மாணவர் அமைப்புகள் சொந்தமாகப் பணம் திரட்டவும் வைத்திருக்கவும் கூடாது. வலுவான மாணவர் சங்கத்தின் இடத்தில் நிர்வாகத்தின் கண்காணிப்பில் இயங்கும் மாணவர் பிரதிநிதி மன்றம் வந்தது.

கட்டுப்பாட்டை ஆதரித்தவர்கள் சொன்ன காரணமும் உண்டு. 1969 மே கலவரத்தின் காயம் அப்போது ஆறவில்லை. வளாகம் கொதித்தால் நாடு கொதிக்கும் என்ற அச்சம் நிலவியது. படிக்க வந்தவர் படிக்கட்டும் என்று பெற்றோர்களும் எண்ணினார்கள். அரசாங்க உதவியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு ஒழுங்கு நடவடிக்கை வந்தால் குடும்பமே கவிழ்ந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால், அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. கூட்டம் நடத்த அனுமதிக் கடிதம், பேச்சாளரை அழைக்க அனுமதிக் கடிதம், பதாகை கட்ட அனுமதிக் கடிதம் என்று வாழ்ந்த மாணவர், வேலைக்குப் போன பிறகும் அனுமதிக்காகக் காத்திருப்பவராகவே ஆகிவிடுகிறார். பிற்காலத்தில் முதலாளிகள், ‘பட்டதாரிகள் வாய் திறந்து பேசத் தயங்குகிறார்கள்’ என்று குறைப்பட்டுக் கொண்டார்கள். வாய் திறக்கப் பழக்காமல் விட்டது யார் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

பூட்டிய கதவும் திருந்திய சட்டமும்

மாற்றம் மெதுவாக வந்தது. 2010ல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கிருந்ததற்காக மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்கு அரசியல் அறிவியல் மாணவர்கள் ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொண்டார்கள். அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். அரசியல் ஆதரவைத் தெரிவிக்கக் கூடாது என்ற விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ல் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர்கள் கட்சியில் சேர அனுமதி கிடைத்தது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கான தடை மட்டும் நீடித்தது.

அந்தத் தடையின் உச்சக் காட்சி 2014 அக்டோபர் 27ஆம் நாள் அரங்கேறியது. 40 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகளை நினைவுகூரும் உரைக்காக அன்வார் இப்ராஹிமை மாணவர்கள் அழைத்திருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக நுழைவாயில் பூட்டப்பட்டது; மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மாணவர்கள் கதவைத் தள்ளித் திறந்தார்கள். கூட்டம் நடந்தது, எட்டு மாணவர்கள் நடவடிக்கைக்கு உள்ளானார்கள். எட்டாண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், உரையாற்ற வந்த அதே மனிதர் நாட்டின் பிரதமரானார். எந்தக் கதவையும் நிரந்தரமாகப் பூட்டிவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2018 இறுதியில் நாடாளுமன்றம் அந்தத் தடையையும் நீக்கியது. 2019ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கம் மீண்டும் உயிர்பெற்றது. அதே ஆண்டு வாக்களிக்கும் வயது 21லிருந்து 18ஆகக் குறைக்க அரசியலமைப்பு திருத்தப்பட்டு, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் பொருள் தெளிவானது: முதலாண்டு மாணவர் நாட்டின் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவர். 2024ல் ‘ஆக்கு’ மறுபடியும் திருத்தப்பட்டு, மாணவர் அமைப்புகள் தங்கள் நிதியைத் தாங்களே நிர்வகிக்க வழி பிறந்தது. 1975ல் எடுக்கப்பட்ட சாவி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்திருக்கிறது.

சாவி வந்தால் போதுமா? நிதியைக் கையாளும் உரிமையோடு கணக்குக் காட்டும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கழகப் பொருளாளர் ஒருவர் 5,000 வெள்ளிக்கு ஒழுங்காகக் கணக்கு வைக்கப் பழகினால், நாளை அவர் ஒரு பள்ளி வாரியத்திலோ, ஆலய நிர்வாகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ அமரும்போது சமுதாயத்தின் பணம் பத்திரமாக இருக்கும். வளாகத் தலைமைத்துவத்தின் உண்மையான பயன் அதுதான்.

ஒரே விடுதி, தனித்தனி மேசை

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 12 விடுதிக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மாணவர் செயற்குழு, கலை விழா, விளையாட்டு, போட்டி என ஆண்டு முழுவதும் நடவடிக்கைகள். பொதுப் பல்கலைக்கழக விடுதிகளில் அடுத்த ஆண்டும் அறை கிடைக்க வேண்டுமானால் நடவடிக்கைகளில் பங்கேற்றுப் புள்ளி சேர்க்க வேண்டும். ஒதுங்கி இருப்பவர் வெளியே வாடகை வீடு தேட வேண்டியதுதான். கோலாலம்பூரில் ஓர் அறை வாடகை ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்பாடுகள் இப்படி இருந்தும் உணவகத்தில் பார்த்தால் மலாய் மாணவர்கள் ஒரு மேசை, சீன மாணவர்கள் ஒரு மேசை, இந்திய மாணவர்கள் ஒரு மேசை. இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என ஏழு வயதில் பிரிந்து சென்றவர்கள் இங்கேதான் முதன்முறையாக ஒரே அறையில் தங்குகிறார்கள். மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம் என வந்த வழியும் வேறு. உள்ளே வந்த விதம் நியாயமானதா என்ற மனக்கசப்பும் சிலரோடு சேர்ந்தே வருகிறது.

இந்த இடத்தில்தான் தலைமைத்துவம் சோதிக்கப்படுகிறது. துணைவேந்தர் ஒருவர் பேசும் ஒரு வாக்கியம், எல்லா மாணவர்களுக்கும் பொதுவானவர் அவர் என்ற நம்பிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். 2019 அக்டோபரில் மலாய்க்காரர் தன்மான மாநாட்டில் அன்றைய துணைவேந்தர் ஆற்றிய உரை அத்தகைய சர்ச்சையைக் கிளப்பியது. சில நாள்களில் நடந்த பட்டமளிப்பு விழாவில் பட்டதாரி ஒருவர் மேடையிலேயே பதாகை காட்டி எதிர்ப்புத் தெரிவித்தார். மேடை அதற்குரிய இடமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், பல இனத்தவர் படிக்கும் வளாகத்தின் தலைவர் எங்கே பேசினாலும் எல்லா இன மாணவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற பாடத்தில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இந்திய மாணவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. தமிழ்ப் பேரவை நல்ல பணி செய்து வந்திருக்கிறது. அதன் ‘பேரவைக் கதைகள்’ சிறுகதைப் போட்டி மாணவர்களோடு நாட்டின் எழுத்தாளர்களையும் வளர்த்தது. பொங்கல் விழா, தீபாவளி விருந்து, நாடகம் எல்லாம் தேவைதான்; வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அது தாய்மடி. ஆயினும், அதோடு நின்றுவிடுவது போதாது. விவாத அணி, மாணவர் சங்கத் தேர்தல், விடுதிச் செயற்குழு ஆகியவற்றிலும் இந்திய மாணவர் பெயர் இருக்க வேண்டும். சிறுபான்மையாக இருப்பவர் பொது மேடையை விட்டு ஒதுங்கினால் முடிவுகள் அவர் இல்லாமலேயே எடுக்கப்படும்.

அட்லாண்டா சொல்லும் பாடம்

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் இங்கே பயன்படும். அமெரிக்காவின் அட்லாண்டா நகர மையத்தில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ளது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஏழைக் குடும்பத்தவர் அதிகம் படிக்கும் பொதுப் பல்கலைக்கழகம் அது. 2003 நிலவரப்படி அங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் 32 விழுக்காட்டினர்தான். சுமார் பத்தாண்டுகளில் அது 54 விழுக்காடாக உயர்ந்தது. அதைவிட முக்கியம், கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் மற்றவர்களுக்கு இணையாகப் பட்டம் பெறத் தொடங்கினார்கள்.

எப்படி நடந்தது? மாணவர் எங்கே விழுகிறார் என்று நிர்வாகம் தேடிப் பார்த்தது. திறமை இல்லாமல் நின்றவர்களைவிட, சில நூறு டாலர் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட்டவர்கள் இருப்பது தெரிந்தது. 2011 முதல் அத்தகையோருக்குச் சிறு உதவித்தொகை உடனடியாக வழங்கப்பட்டது. மாணவர் விண்ணப்பிக்கக்கூடத் தேவையில்லை. கணக்கைப் பார்த்துப் பல்கலைக்கழகமே பணத்தைப் போட்டது. 2012 முதல் மதிப்பெண், பாடப்பதிவு போன்ற தகவல்களைக் கணினி கண்காணித்து, சரிவு தெரிந்தால் ஆலோசகருக்கு அறிவித்தது. ஆலோசகர் மாணவரை அழைத்துப் பேசினார். கூடுதல் ஆலோசகர்களை நியமித்ததும் சேர்ந்தே நடந்தது. கணினி எச்சரிக்கும், உட்கார்ந்து பேச மனிதர்தான் வேண்டும்.

மாணவர் தோற்றால் அவரைக் குறை சொல்வது எளிது. தோற்றதற்கு நம் நடைமுறை காரணமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் நிர்வாகம் அரிது. அட்லாண்டாவில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. உங்கு அஸிஸ் சாரோங்கை எண்ணியதும் இதே மனப்பான்மைதான்.

வீட்டில் தொடங்கும் தயாரிப்பு

இதில் பெற்றோர்களின் பங்கு என்ன? முதலாவதாக, பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிக் கணக்கில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர் இயக்கம், விளையாட்டு, பள்ளிக் கழகப் பொறுப்பு எல்லாம் படிப்பைக் கெடுக்கும் என்று தடுப்பவர்கள் அந்த 10 விழுக்காட்டை இழக்கிறார்கள். போட்டி கடுமையான துறைகளில் ஒரு விழுக்காடுகூட முடிவை மாற்றிவிடும்.

இரண்டாவதாக, வழிகளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 2012ல் 1,500 இடங்களும் 2018ல் 2,200 இடங்களும் அறிவிக்கப்பட்டன. எஸ்பிஎம் தேர்வில் 10 ஏ பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் என்ற அறிவிப்பு 2024ல் வந்தது. இவை கிடைக்காதவர்களுக்கு எஸ்டிபிஎம் இருக்கிறது. கடினமானதுதான், ஆனால், செலவு குறைவு, மதிப்பு உயர்வு. விண்ணப்ப நாள் தவறுவது, ஆவணம் விடுபடுவது போன்ற சிறு காரணங்களால் இடத்தை இழப்பது பெரிய சோகம்.

மூன்றாவதாக, இடம் கிடைத்தவுடன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பிடிபிடிஎன் கடன் கைக்கு வரும் வரை முதல் சில வாரங்களைச் சமாளிக்கக் கையில் பணம் வேண்டும். அந்தக் காலத்தில்தான் பல பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள், வீட்டுக்குச் சொல்வதில்லை. முதல் வகுப்புத் தேர்ச்சி பெற்றால் அக்கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரலாம் என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ‘மார்க் எவ்வளவு?’ என்ற கேள்வியோடு, ‘அறையில் யார் யார்? என்ன சாப்பிட்டாய்? எந்தக் கழகத்தில் சேர்ந்தாய்?’ என்பதையும் வாரம் ஒருமுறை கேட்கலாம். சமுதாய இயக்கங்களும் ஆலயங்களும் விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை இந்த முதல் மாத நெருக்கடிக்கென ஒதுக்கினால், படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள் குறைவார்கள். அன்று தொழிலாளர்களின் காசு நூலகம் ஆனதென்றால், இன்று ஒரு மாணவரின் மூன்று வேளைச் சாப்பாடாவது ஆகட்டுமே!

நல்ல வளாகம் ஒரு தனி மனிதரால் உருவாவதில்லை. கேட்டறியும் துணைவேந்தர், கவனிக்கும் விரிவுரையாளர், கணக்குக் காட்டும் மாணவர் தலைவர், விட்டுவிடாத பெற்றோர் என்று நால்வரும் சேர்ந்தே அதை வழிநடத்துகிறார்கள். ஒருவர் தம் பங்கைக் கைவிட்டால் சுமை மற்ற மூவர்மீது விழும். நால்வரும் கைவிட்டால் பிள்ளை விழுவார். அடுத்த முறை பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்ற செய்தி வீட்டுக்கு வரும்போது இனிப்பு வழங்குவதோடு, அங்கே போய் என்னவாக இருக்கப் போகிறாய் என்ற கேள்வியையும் அன்போடு கேட்டு அனுப்பலாம்.